ரஷ்யா: இரண்டு முறை ஏமாந்த மக்கள்

1989 ஜூலை 10. மேற்கு சைபீரியாவில் குஸ்பாஸ் என்று அழைக்கப்படும் நிலக்கரிப் பகுதி. அங்கே மெஷ்துரெசென்ஸ்க் என்ற சுரங்க நகரத்தில் இரவு ஷிப்ட் முடிந்து மேலே வந்த தொழிலாளர்கள், தலைவிளக்குகளை ஒப்படைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் சோப்பு இருந்தது. உடம்பில் அப்பிய கரித்தூளைக் கழுவச் சோப்பு, துடைத்துக்கொள்ளத் துண்டு, கடையில் இறைச்சி. தொழிலாளி வர்க்கத்தின் அரசு என்று எழுபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்ட ஓர் அரசு, நிலக்கரி வெட்டுகிறவனுக்குச் சோப்பு கொடுக்க வக்கில்லாமல் போயிருந்தது. சில நாட்களில் வேலைநிறுத்தம் குஸ்பாஸ் முழுக்கப் பரவியது. அங்கிருந்து உக்ரைனின் டோன்பாஸுக்கும், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் வொர்குத்தாவுக்கும் தாவியது.

1991 மார்ச்சில் அதே தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இம்முறை சோப்போடு நிற்கவில்லை. சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலக வேண்டும் என்றார்கள். சுரங்கங்கள் மத்திய அரசின் கையிலிருந்து ரஷ்யக் குடியரசின் பொறுப்புக்கு மாறின, அந்தக் குடியரசின் தலைவரான யெல்ட்சினை அவர்கள் தங்கள் ஆளாகவே நினைத்தார்கள். அந்த ஜூன் மாதம் 57 சதவீத வாக்குகளோடு அவர் ரஷ்யாவின் அதிபரானார். ஆகஸ்டில் பழமைவாத சோவியத் தலைவர்கள் சதி செய்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தபோது, மாஸ்கோவில் ரஷ்ய நாடாளுமன்றம் இருந்த வெள்ளை மாளிகை முன்னால் டாங்க் மீது ஏறி நின்று அவர் பேசியதை உலகமே பார்த்தது.

அப்புறம் ஏழே ஆண்டுகள். 1998 கோடையில் அதே வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பாலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். தலைக்கவசங்களைக் கழற்றி, தரைக் கற்களில் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். கோடை முழுக்க அந்தச் சத்தம் அரசு அலுவலகங்களின் சன்னல் வழியே கேட்டுக்கொண்டே இருந்தது. மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. அதற்கு முன்பு, மே மாதம், குஸ்பாஸில் டிரான்ஸ் சைபீரிய ரயில் பாதையையே மறித்திருந்தார்கள். இப்போது அவர்கள் விலகச் சொன்னது யெல்ட்சினை.

ரஷ்யர்கள் அடிமை மனம் கொண்டவர்கள், அவர்களுக்கு எப்போதும் ஒரு ஜார் மன்னர் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மக்கள் எழுந்தார்கள், தெருவில் நின்றார்கள், ஓட்டுப் போட்டார்கள், வென்றும் காட்டினார்கள். வென்ற பிறகு வந்து சேர்ந்த வாழ்க்கைதான் அவர்களை முறித்துப் போட்டது. கம்யூனிசம் கைவிட்டது முதல் ஏமாற்றம். அதன் இடத்தில் ஜனநாயகம் என்ற பெயரில் வந்தது கைவிட்டது இரண்டாவது ஏமாற்றம். முதலாவதில் ஒரு கட்சியின் மேல் இருந்த நம்பிக்கை போனது. இரண்டாவதில் அரசியலால் எதையும் மாற்ற முடியும் என்ற நம்பிக்கையே போய்விட்டது. கால் நூற்றாண்டாகப் புடின் ஆண்டுகொண்டிருப்பது அந்த வெற்றிடத்தின் மேல்தான்.

மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலைக்கு நம் ஊர்ப் புத்தகக் கடைகளுக்கு வந்த தமிழ்ப் புத்தகங்கள் வழியாகச் சோவியத் நாட்டை அறிந்த ஒரு தலைமுறை நம்மிடம் உண்டு. அவர்களுக்கு, கிரெம்ளினில் செங்கொடி இறங்கிய 1991 டிசம்பர் 25 மறக்க முடியாத நாள். அங்கே வாழ்ந்தவர்களுக்கோ அதற்கு எட்டாம் நாள் நடந்ததுதான் ஆறாத காயம்.

சவ அடக்கத்துக்குச் சேர்த்த பணம்

1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான பொருட்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யெல்ட்சின் பொருளாதாரத்தை ஒப்படைத்திருந்தது யெகோர் கைதார் என்ற முப்பத்தைந்து வயதுப் பொருளாதார நிபுணரிடம். அந்த ஒரே மாதத்தில் விலைகள் மூன்றரை மடங்கு ஆயின. ஆண்டு முடிவதற்குள் 26 மடங்கு.

சோவியத் குடும்பத்தின் சேமிப்பெல்லாம் ஸ்பெர்பாங்க் என்ற அரசு சேமிப்பு வங்கியின் பாஸ் புத்தகத்தில்தான் இருந்தது. வேறு இடமும் கிடையாது. கார் வாங்கப் பல ஆண்டுகள் வரிசையில் காத்திருந்தவர்களின் பணம், பிள்ளைகளின் கல்யாணப் பணம் எல்லாம் அதில். வயதானவர்கள் தங்கள் சவ அடக்கத்துக்கென்றே தனியாகச் சேர்ப்பது அங்கே வழக்கம். செத்த பிறகும் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற மானம் அது. ஒரு குளிர்காலத்துக்குள் அந்தத் தொகையால் சில வாரச் சாமான்கூட வாங்க முடியாமல் போயிற்று. அந்தச் சேமிப்பை அரசின் கடனாக ஏற்று 1995-ல் சட்டம் போட்டார்கள். இழப்பீடு துண்டு துண்டாகத்தான் வந்தது. முழுத் தொகையைத் திருப்பித் தருவதை ஆண்டுதோறும் தள்ளிப்போடுவதே வழக்கமாகிவிட்டது.

கைதார் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 1991 முடிவில் கடைகள் காலி, கஜானா காலி, நகரங்களுக்கு ரொட்டி வந்து சேருமா என்பதே கேள்வி. விலைக் கட்டுப்பாடு போனதும் அலமாரிகளில் பொருட்கள் வந்தன. வாங்கத்தான் ஜனங்களிடம் பணம் இல்லை. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஜனவரி கடைசியில் யெல்ட்சின் ஆணை பிறப்பித்ததும், மாஸ்கோ மெட்ரோ நிலைய வாசல்களில் மனித வரிசைகள் முளைத்தன. பனியில் நின்றபடி ஒரு மூதாட்டி கையில் ஒரு ஜோடி பூட்ஸ், அடுத்தவரிடம் தேநீர்க் கெண்டி, அதற்கடுத்தவரிடம் ஒரே ஒரு பாட்டில். ஆசிரியைகளும் பொறியாளர்களும் பெரிய கட்டம் போட்ட பைகளோடு துருக்கிக்கும் சீனாவுக்கும் போய்த் துணிமணி வாங்கி வந்து சந்தையில் விற்றார்கள். ஆலைகள் சம்பளத்துக்குப் பதிலாகத் தங்கள் சரக்கையே கொடுத்தன. ஊருக்கு வெளியே சோவியத் காலத்தில் கிடைத்த அறுநூறு சதுர மீட்டர் தோட்டத் துண்டில் உருளைக்கிழங்கு போட்டுத்தான் லட்சக்கணக்கான குடும்பங்கள் பசியைத் தள்ளின.

உயிர்க்கணக்கு இன்னும் கொடியது. 1980-களின் பின்பாதியில் 65-ஐத் தொட்டிருந்த ஆண்களின் சராசரி ஆயுள், 1994-ல் 58-க்கும் கீழே இறங்கியது. போர் நடக்காத காலத்தில், தொழில்மயமான ஒரு நாட்டில் இப்படி நடந்தது. குடி, மாரடைப்பு, தற்கொலை, கொலை. நடுவயது ஆண்கள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். 'சீர்திருத்தம்' என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு ரஷ்யக் குடும்பத்துக்கு யார் நினைவு வரும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

பங்கு யாருக்கு?

நாட்டின் சொத்து மக்களுடையது என்று சோவியத் அரசு சொல்லிவந்தது. சரி, அப்படியானால் பிரித்துக் கொடுத்துவிடுவோம் என்றார் தனியார்மயத்தை நடத்திய அனடோலி சுபைஸ். 1992 இறுதியில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கு ஒரு வவுச்சர், முகமதிப்பு 10,000 ரூபிள். ஒரு வவுச்சர் ஒருநாள் இரண்டு வோல்கா கார்களின் விலைக்கு ஈடாகும் என்று அவர் சொன்னதை ரஷ்யர்கள் இன்றுவரை மறக்கவில்லை. வோல்கா என்பது சோவியத் அதிகாரிகள் போன கார். பணவீக்கத்தில் வவுச்சரின் மதிப்பு கரைந்துகொண்டே போனது. பசித்தவர்கள் வந்த விலைக்கு விற்றார்கள், சிலர் ஓட்காவுக்கு மாற்றினார்கள். முதலீட்டு நிதிகளில் போட்டவர்களுக்கு அந்த நிதிகளே காணாமல் போயின.

உண்மையான பங்கு பிரிப்பு 1995-ல் நடந்தது. கஜானாவில் பணமில்லாத அரசு, எண்ணெய், நிக்கல் நிறுவனங்களின் பங்குகளை அடகு வைத்துத் தனியார் வங்கிகளிடம் கடன் வாங்கியது. கடன் அடைக்கப்படவில்லை. அடைக்கும் எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஏலம் நடத்தியவர்களே வேறு பெயரில் ஏலம் எடுத்தார்கள். யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் 78 சதவீதம் சுமார் 31 கோடி டாலருக்கு வங்கி முதலாளி மிகாயில் கோதர்கோவ்ஸ்கியின் கைக்குப் போனது. எட்டு ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு 2,000 கோடி டாலரைத் தாண்டியது. நோரில்ஸ்க் நிக்கல் பொட்டானினுக்கு. சிப்நெஃப்ட் பெரெசோவ்ஸ்கிக்கும் அப்ரமோவிச்சுக்கும்.

இதற்கு நடுவே 1993 அக்டோபர் 4. தன்னோடு மோதிய நாடாளுமன்றத்தைக் கலைத்த யெல்ட்சின், அவர்கள் வெளியேற மறுத்ததும் டாங்குகளை விட்டுச் சுடச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்தக் கட்டடத்தின் முன் நின்று ஜனநாயகத்தைக் காத்தாரோ அதே வெள்ளை மாளிகை, மேல்மாடிகள் கரியாகி நின்றது. அரசுக் கணக்கிலேயே 140-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மேலை நாட்டுத் தலைவர்கள் யெல்ட்சினையே ஆதரித்தார்கள். அந்த டிசம்பரில் அதிபருக்கு அளவற்ற அதிகாரம் தரும் புதிய அரசியல் சட்டம் வந்தது. புடின் பின்னால் ஏறி அமர்ந்த நாற்காலி அப்போதே செய்யப்பட்டுவிட்டது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் 1996-ல்தான் நடந்தது. அது அதிபர் தேர்தல் ஆண்டு. தொடக்கத்தில் யெல்ட்சினின் ஆதரவு ஒற்றை இலக்கத்தில். கம்யூனிஸ்ட் தலைவர் ஸ்யுகானவ் வெல்லப்போகிறார் என்ற நிலை. பெருமுதலாளிகள் பகையை மறந்து கைகோத்தார்கள். சுதந்திர ஊடகம் என்று பெயரெடுத்த என்டிவி தொலைக்காட்சியின் தலைவரே யெல்ட்சினின் தேர்தல் குழுவில் உட்கார்ந்தார். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே யெல்ட்சினுக்கு மாரடைப்பு வந்தது. வாக்காளர்களுக்கு அது மறைக்கப்பட்டது. ஜூலை 3 அன்று 53.8 சதவீத வாக்குகளோடு அவர் வென்றார், நவம்பரில் இதய அறுவை சிகிச்சைக்குப் போனார். இத்தனையும் கம்யூனிஸ்டுகள் திரும்பி வராமல் இருப்பதற்காக, ஜனநாயகத்தைக் காப்பாற்றுவதற்காக என்று தாராளவாதிகள் உண்மையாகவே நம்பினார்கள். ஆனால் சாதாரண ரஷ்யன் அன்று கற்றுக்கொண்ட பாடம் வேறு. தேர்தல் முடிவை மேலே இருப்பவர்கள் ஏற்பாடு செய்கிறார்கள், டிவியில் காட்டுவது அவர்களுக்கு வேண்டியது. அதே தேர்தலில் நின்ற கோர்பச்சேவுக்குக் கிடைத்தது அரை சதவீதம்.

1998 ஆகஸ்ட் 17-ல் அரசு திவாலானது. ரூபிளின் மதிப்பு சில வாரங்களில் மூன்றில் ஒன்றாகச் சரிந்தது. ஆறு ஆண்டுகளில் இரண்டாம் முறையாகச் சேமிப்பு போனது. ரூபிளுக்கு ஆபத்தில்லை என்று யெல்ட்சின் சொல்லி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

மௌனத்தின் விலை

1999 டிசம்பர் 31 அன்று யெல்ட்சின் தொலைக்காட்சியில் மக்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பதவி விலகினார். அன்றே பொறுப்பு அதிபரான புடின் கையெழுத்திட்ட முதல் ஆணைகளில் ஒன்று, யெல்ட்சினுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தருவது. இதை இன்றைய ரஷ்யாவில் யாரும் அதிகம் நினைவுபடுத்துவதில்லை. 1990-களின் கொள்ளையை முடித்து வைத்தவர் என்று பெயரெடுத்த மனிதர், அந்த 90-களிலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மேயர் சோப்சாக்கின் உதவியாளராக இருந்து, அங்கிருந்து யெல்ட்சினின் கிரெம்ளினுக்குப் போய், அவர் குடும்ப வட்டம் கைகாட்டியதால் மேலே வந்தவர்.

ஆனால் சம்பளம் சரியான தேதிக்கு வந்தது. ஓய்வூதியம் வந்தது. 1998-ல் பீப்பாய்க்குப் பன்னிரண்டு, பதின்மூன்று டாலராகக் கிடந்த எண்ணெய் விலை பத்தே ஆண்டில் நூறைத் தாண்டியது. பத்து ஆண்டுகள் அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாமல் வாழ்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சோவியத் தேசிய கீதத்தின் மெட்டை 2000 டிசம்பரில் புடின் திரும்பக் கொண்டுவந்தார். ஸ்டாலின் காலத்தில் அதற்கு வரிகள் எழுதிய செர்கேய் மிகல்கோவ்தான் புதிய வரிகளையும் எழுதினார். 1977-ல் ஸ்டாலின் பெயரை நீக்கித் திருத்தியவரும் அவரே. லெனின் போய், கடவுள் வந்தார். மெட்டு அப்படியே இருந்தது.

2003 அக்டோபரில் கோதர்கோவ்ஸ்கியை நோவோசிபிர்ஸ்க் விமான நிலையத்தில் கைது செய்தபோது பெரும்பான்மை மக்கள் கண்ணீர் விடவில்லை. விடுவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது? அந்த ஏலத்தின் முகம் அவர். ஆனால் அவரிடமிருந்து பிடுங்கியது மக்களிடம் வரவில்லை. யூகோஸின் முக்கிய எண்ணெய் வயல்களை 2004 டிசம்பர் ஏலத்தில் வாங்கியது, த்வேர் நகரில் பதிவான, யாரும் பெயர் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனம். சில நாட்களில் அதை அரசு நிறுவனமான ரோஸ்நெஃப்ட் விழுங்கியது. ஏலத்தின் முறை பழையதுதான், ஆள் மட்டும் மாறினார். பார்த்த மக்கள் ஆச்சரியப்படவும் இல்லை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நம் கிராமத்தில் சொல்வார்களே, அந்த மனநிலைக்கு அவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். ஆட்சிக்கு அதைவிட வசதியானது வேறில்லை. இவர்கள் நல்லவர்கள் என்று மக்கள் நம்பவேண்டிய அவசியமே இல்லை. எவரும் நல்லவர் இல்லை என்று நம்பினால் போதும். ஒவ்வொரு தேர்தலிலும் கிரெம்ளின் விற்றது அந்த ஒரே பயத்தைத்தான்: நாங்கள் இல்லாவிட்டால் தொண்ணூறுகள் திரும்பும்.

இதைக் குஸ்பாஸில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 2010 மே மாதம் மெஷ்துரெசென்ஸ்கின் ரஸ்பாத்ஸ்காயா சுரங்கத்தில் வெடிவிபத்து, 91 பேர் பலி. ஊர் மக்கள் ரயில் பாதையை மறித்தார்கள். 1989-ல் இதே ஊருக்கு மாஸ்கோ பேச்சுவார்த்தைக் குழுவை அனுப்பியது. 2010-ல் கலவரத் தடுப்புப் போலீஸை அனுப்பியது.

2018 மார்ச் 18-ல் அதிபர் தேர்தல். புடினுக்கு நாடு முழுக்க 76.7 சதவீதம், குஸ்பாஸைக் கொண்ட கெமரோவோ பகுதியில் அதைவிடவும் அதிகம் என்று அறிவித்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, மார்ச் 25 ஞாயிற்றுக்கிழமை, கெமரோவோ நகரின் 'விண்டர் செர்ரி' வணிக வளாகத்தில் தீ. விடுமுறை தொடங்கிய நாள், மேல்மாடியில் திரையரங்கு. அபாயச் சங்கு ஒலிக்கவில்லை, வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன. இறந்த 60 பேரில் பாதிக்கு மேல் குழந்தைகள். இரண்டு நாள் கழித்து ஆயிரக்கணக்கானோர் சதுக்கத்தில் மணிக்கணக்கில் நின்று ஆளுநர் வரவேண்டும் என்றார்கள். 1997-லிருந்து அந்தப் பகுதியை ஆண்ட அமான் துலேயெவ் வரவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டது புடினிடம். மனைவி, சகோதரி, மூன்று குழந்தைகள் என எல்லோரையும் இழந்த ஒருவர் கேள்வி கேட்டபோது, விளம்பரத்துக்காகப் பேசுவதாகத் துணை ஆளுநர் குற்றம் சாட்டினார். பிறகு கூட்டத்தின் முன் மண்டியிட்டார். சில நாட்களில் அவரே ஆளுநர் பொறுப்பேற்றார். வாக்காளருக்குப் பதில் சொல்லவேண்டிய ஆட்சியில் இது நடக்க முடியுமா? அந்தச் சதுக்கத்தில் நின்ற பெற்றோரின் முகங்களைக் காணொளியில் பார்த்தவர்களுக்கு, 'மக்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள்' என்று கேட்க மனம் வராது.

எதை நினைத்து ஏங்குகிறார்கள்?

சோவியத் சிதைந்ததற்கு வருந்துகிறீர்களா என்ற கேள்வியை லெவாதா கருத்துக்கணிப்பு மையம் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. (2016-ல் 'அந்நிய ஏஜென்ட்' முத்திரை குத்தப்பட்ட அமைப்பு இது, ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை.) 2000-ல் 75 சதவீதம் பேர் வருந்துவதாகச் சொன்னார்கள். 2012-ல் அது 49-க்கு இறங்கியது. ஓய்வு வயதை உயர்த்திய 2018-ல் மறுபடி 66-க்கு ஏறியது. இந்த எண்கள் சொந்த வாழ்க்கையின் பயத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. அதற்காகப் பழைய ஆட்சியைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அதே 2018 அதிபர் தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளருக்குக் கிடைத்தது 12 சதவீதத்துக்கும் குறைவு.

ஏன் வருந்துகிறீர்கள் என்று கேட்டால், ஒன்றுபட்ட பொருளாதாரம் சிதைந்தது, பெரிய நாட்டின் குடிமக்கள் என்ற உணர்வு போனது, மனிதர்களுக்கிடையே அவநம்பிக்கை பெருகியது என்கிறார்கள். மூன்றாவது பதில்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டாவதைப் புடின் எடுத்துக்கொண்டார். சோவியத்தின் வீழ்ச்சியை அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய புவிசார் அரசியல் பேரழிவு என்று 2005-ல் சொன்னவர், 2014-ல் கிரிமியாவைச் சேர்த்துக்கொண்டபோது அவருக்கான ஆதரவு 80 சதவீதத்தைத் தாண்டியது. சேமிப்பைத் திருப்பித் தர முடியாதவர்கள் பெருமிதத்தைத் திருப்பித் தந்தார்கள். அதற்கான பில் 2022-ல் உக்ரைன் போராக வந்தது. 1989-ல் குஸ்பாஸோடு தோள்சேர்ந்து நின்ற டோன்பாஸின் சுரங்க ஊர்கள் இன்று ரஷ்யக் குண்டுகளில் இடிந்து கிடக்கின்றன. ஏழ்மையான ரஷ்ய மாகாணங்களில் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் சம்பாதிக்க முடியாத தொகை, படையில் சேர ஒப்புக்கொண்டதற்கே கைக்கு வருகிறது. 2022 செப்டம்பரில் ஆள்திரட்டல் அறிவித்தபோது லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. மற்றவர்கள் அவரவர் வழியைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டார்கள். இது வீரம் இல்லாததால் நேர்ந்ததென்று நான் நினைக்கவில்லை. சேர்ந்து நின்றால் ஏதாவது நடக்கும் என்பதை அவர்கள் ஒருமுறை முழுமனதோடு நம்பி, அதற்கான விலையைக் கொடுத்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் இந்தக் கணக்கை எதிர்க்கட்சியினர் தங்களுக்குள்ளேயே தீர்க்காமல் புடினுக்கு மாற்று உருவாகாது என்பதைக் கடைசியில் உணர்ந்தவர் எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னி. 2023 ஆகஸ்டில் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் கோபப்பட்டது புடின் மீதல்ல. 90-களில் கையில் இருந்த வாய்ப்பை விற்றுத் தின்ற யெல்ட்சின், சுபைஸ் கூட்டத்தின் மீது. அந்தக் காலத்தில் யெல்ட்சினைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரித்ததற்காகத் தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டார். மறுபடி ஒரு வாய்ப்பு வந்து அதுவும் அதே விதமாகப் பறிபோகுமோ என்ற பயம் அந்தக் கடிதம் முழுக்க இருந்தது. 2024 பிப்ரவரி 16-ல் ஆர்க்டிக் சிறை முகாமில் அவர் இறந்தார். இரண்டு மாதம் கழித்து அவருடைய சகா மரியா பெவ்சிக் அந்தக் கடிதத்தின் வழியிலேயே 90-களைப் பற்றி 'துரோகிகள்' என்ற ஆவணப்படத் தொடரை யூடியூபில் வெளியிட்டார். பழைய தாராளவாதிகள் கொதித்தார்கள். கிரெம்ளின் பிரசாரத்தையே இவர்களும் சொல்கிறார்கள் என்றார்கள். கைதார் காலத்துச் சூழலின் கஷ்டம் தெரியாத பிள்ளைகள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் சில திருத்தங்கள் சரிதான். ஆனாலும் முப்பது ஆண்டுகளில் முதல்முறையாக, ஜனநாயகத்தின் பக்கத்தில் நிற்பவர்கள் அந்தப் பாஸ் புத்தகங்களைப் பற்றியும் அந்த ஏலங்களைப் பற்றியும் தங்கள் தரப்பின் குற்றமாகப் பேசினார்கள். இதைத்தான் அவர்கள் 1996-லேயே செய்திருக்க வேண்டும்.

இந்த வாக்குவாதம் இப்போது வில்னியஸிலும் பெர்லினிலும் லண்டனிலும் இருந்துகொண்டு ரஷ்யர்கள் நடத்துவது. 2024 கோடையிலிருந்து ரஷ்யாவுக்குள் யூடியூப் வேகம் குறைக்கப்பட்டுவிட்டது. விபிஎன் வைத்திருப்பவர்கள் பார்க்கிறார்கள்.